பாதி வழியில் நின்ற இரசம்

புதிய திராட்சை இரசத்தையும் பழைய தோற்பையையும் பற்றி நம் ஆண்டவர் பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பிழிந்த சாறு சில நாள்களில் தானே பொங்கத் தொடங்கும்; அப்போது எழும் காற்றுக்கு இடங்கொடுத்து விரியும் இயல்பு புதுத் தோலுக்கு உண்டு; காய்ந்து விறைத்த பழந்தோல் வெடித்துவிடும். இவையெல்லாம் அவர்கள் வீட்டுப் புழக்கத்தில் கண்ட உண்மைகள். நமக்கோ அது உவமையாக மட்டுமே எட்டுகிறது. மதுரைச் சீமையில் வாழும் நமக்குத் திராட்சை இரசம் என்பது பீடத்தின்மேல் சிறு குப்பியில் காணும் பொருள். அது எவ்வாறு விளைகிறது, விளையும்போது எங்கே தடைப்படுகிறது என்று நாம் கேட்டதில்லை.

கேட்டுப் பார்த்தால் திருச்சபையின் நீண்ட வரலாறு ஒன்று அதற்குள் அடங்கியிருப்பது தெரியவரும். நொதிப்பு என்பது தொடங்கினால் முடிந்தே தீரும் என்ற உறுதி இல்லாத செயல். சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. வெப்பம் மிகுந்தால் அது சோர்ந்து மடிகிறது. குளிர் மிகுந்தால் உறங்குகிறது. சர்க்கரை அளவு மீறினால் திணறுகிறது. ஊட்டம் குறைந்தால் மெலிகிறது. அப்போது சாடியில் குமிழிகள் அடங்கிவிடும். நாவில் இட்டால் இனிப்பு மட்டும் எஞ்சியிருக்கும். அது சாறும் அன்று, முழு மதுவும் அன்று. அத்தகைய நீர்மம் பீடத்திற்கு ஏற்றதா என்ற வினாவை இறையியலாரும் உரோமைப் பேராயங்களும் பல நூற்றாண்டுகளாக எதிர்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இக்கலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, வீட்டிலேயே காய்ச்சப்படும் அரிசிக் கள்ளைப் பற்றிச் செய்முறையோடு பேசுகிறது. குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற வாயுடைய தட்டில் இட்டு ஆற்றி, நல்லடையைக் கலந்து, வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முதிரச் செய்வதை அப்பாட்டு வரிசையாகச் சொல்கிறது. அடை என்பதை நெல்முளை என்று கொள்வாருண்டு. அவ்வாறு கொண்டால், முளைத்த தானியத்தைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் பின்னர் நொதிக்கவிடும் இம்முறை, மேல்நாட்டார் வாற்கோதுமையிலிருந்து பீர் உண்டாக்கும் முறைக்கு நெருங்கிய உறவுடையது. களியை முதலில் ஆற்ற வேண்டும் என்று புலவர் சொல்வதை நாம் கவனிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் முளையின் ஆற்றலும் கெடும், நொதிப்பும் தொடங்காது. காரணம் தெரியாத காலத்திலேயே தடையைத் தவிர்க்கும் கை தெரிந்திருக்கிறது.

மதுரைக்கும் இதில் பங்குண்டு. மதுரைக்காஞ்சி இந்நகரின் பலவகைக் கொடிகளைச் சொல்லுமிடத்துக் கள் விற்கும் இடத்துக் கொடியையும் சேர்த்தே சொல்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள மதுவை அவன் நாள்தோறும் அருந்துவதைக் குறிப்பிடுகிறார். வைகை கடலோடு சேரும் பக்கத்திலுள்ள அழகன்குளத்தில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்திருப்பது அதற்கு மண்ணின் சான்று. ஆக, திருப்பலிக்கான இரசம் இங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திராட்சை மது வைகைக் கரைக்குக் கப்பலேறி வந்திருக்கிறது. பாண்டியனுக்கும் அது இறக்குமதிச் சரக்கே என்பதை மறக்க வேண்டாம். இச்சமவெளியில் அதை விளைவித்தவர் இல்லை.

இதே இடர்ப்பாடு மலையாளக் கரையின் தோமையார் கிறிஸ்தவர்களுக்கும் இருந்தது. 1501இல் போர்த்துக்கீசியக் கப்பலில் லிஸ்பன் சென்ற இந்தியரான யோசேப்பு என்னும் குரு, தம் நாட்டில் திராட்சை இல்லாமையால் உலர்ந்த திராட்சையிலிருந்து எடுத்த இரசத்தைப் பீடத்தில் பயன்படுத்துவதாகத் தெரிவித்தார். 1507இல் இத்தாலியில் அச்சான நூலொன்றில் அவருடைய செய்திகள் இடம்பெற்றன. உலர்ந்த பழத்தை நீரில் ஊறவைத்துப் பிழிவது எளிது போலத் தோன்றும். நீர் மிகுந்தால் வலுவற்ற இரசமாகிச் சில நாளில் காடியாகும். நீர் குறைந்தால் பாகு போலத் தடித்து நொதிப்பு நின்றுவிடும். 1599இல் பேராயர் மெனேசசு உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் பீடத்தின் இரசத்தையும் தன் சட்டங்களுக்குள் கொண்டுவந்தது. அச்சங்கம் கீழைத் திருச்சபைக்கு இழைத்த காயங்களைப் பற்றி வேறிடத்தில் பேச வேண்டும். இரசத்தைப் பொறுத்தவரை, உரோமை பிற்காலத்தில் காட்டிய மனம் பெரிதாகவே இருந்தது. 1706இல் திரு அலுவலகம், நிறத்தாலும் சுவையாலும் உண்மையான திராட்சை இரசம் என்று அறியத்தக்கதாயின் உலர்ந்த பழத்திலிருந்து எடுத்ததும் ஏற்புடையதே என்று தீர்ப்பளித்தது.

மதுரை மிஷனின் நிலை இன்னும் நுண்ணியது. 1606இல் இந்நகருக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகள், பறங்கி என்ற பெயரை உதறுவதற்காகத் துறவியின் காவியுடுத்து, புலாலையும் மதுவையும் விலக்கி, ஒருவேளை மரக்கறி உணவோடு வாழ்ந்தார். அக்கால மதுரை மக்கள் கண்ணில் பறங்கியின் அடையாளங்களுள் முதன்மையானவை இறைச்சியும் குடியுமே. குடியாத துறவியாய் வாழ்ந்த அதே அடிகள், திருப்பலி நிறைவேற்றும்போது கிண்ணத்தில் இரசத்தை ஏந்தியாக வேண்டும். அந்த ஒரு சிறு அளவுக்காக மேலைக் கரையிலிருந்து வந்த சரக்கையே சார்ந்திருக்க வேண்டியிருந்தது. குடிக்கும் இரசம் வேறு, பலியின் இரசம் வேறு என்று நம் மக்கள் இன்றளவும் மனத்தில் போட்டுவைத்திருக்கும் கோடு, அந்நாள்களில்தான் இங்கு அழுத்தமாக விழுந்தது என்பது நம் கருத்து.

போர்த்துக்கல்லிலிருந்து ஆறேழு மாதம் வெப்பக் கடல்களைக் கடந்து வரும் மது எவ்வாறு கெடாமல் வந்தது? எல்லாம் கெடாமல் வரவில்லை. மதெய்ரா, போர்ட்டு போன்ற வகைகள் தாங்கியதற்குக் காரணம், அவற்றில் திராட்சையிலிருந்தே வடித்த பிராந்தி சேர்க்கப்பட்டதுதான். பொங்கிக்கொண்டிருக்கும் சாற்றில் பிராந்தியை ஊற்றினால் ஈஸ்ட் மடிந்து நொதிப்பு அந்த இடத்திலேயே நிற்கும்; உண்ணப்படாத சர்க்கரை இனிப்பாகத் தங்கிவிடும். பிறர் குறையென்று அஞ்சும் நிலையைப் போர்த்துக்கீசியர் வேண்டுமென்றே உண்டாக்கி, அதையே பாதுகாப்பாக்கிக் கொண்டார்கள்.

அப்படியானால் பாதியில் நின்ற இரசம் இரசமாகுமா? இதற்குரிய அடிப்படையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமாஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகையின் மூன்றாம் பாகத்தில், 74ஆம் வினாவில் வகுத்துவைத்தார். காய்த்திராட்சையின் புளிச்சாறு இன்னும் இரசமாகும் வழியிலேயே இருப்பதால் ஆகாது. காடி, இரசத்தன்மையை இழந்துவிட்டதால் ஆகாது. கனிந்த பழத்தின் புதுச்சாறோ, அதன் இனிமையே கனிவு நிறைவுற்றதைக் காட்டுவதால், இரசத்தின் இயல்பை முன்பே பெற்றிருக்கிறது. பிழிந்த உடனே அதைக் கிண்ணத்தில் இடுவது தூய்மைக் குறைவினால் முறையன்று. ஆனால் தேவை நேரின் செல்லும். போதை ஏறும் அளவைக் கொண்டு அவர் கோடு கிழிக்கவில்லை. கனியின் இயல்பைக் கொண்டு கிழித்தார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் இந்த வேறுபாடு சில குருக்களின் வாழ்வைக் காத்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

நொதிப்பு ஏன் நிற்கிறது, ஏன் கெடுகிறது என்பது அறிவியலாருக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் விளங்கியது. 1856இல் பிரான்சின் லீல் நகரில் பேராசிரியராயிருந்த லூயி பாஸ்டரிடம், ஒரு மாணவரின் தந்தையான பிகோ என்னும் ஆலை முதலாளி வந்தார். பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் எடுக்கும் தொழில் அவருடையது. தொட்டிகள் சில காரணமின்றிப் புளித்துப் பாழாயின. பாஸ்டர் நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் துளிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நல்லதில் உருண்டையான ஈஸ்டுகள். கெட்டதில் கோல் வடிவான வேறு உயிர்கள். நொதிப்பு வெறும் இரசாயன அழுகல் என்று ஜெர்மானிய அறிஞர் லீபிக் போன்றோர் கூறிவந்த காலம் அது. அது உயிரின் செயல், எந்த உயிர் வெல்கிறதோ அதற்கேற்ப விளைவு மாறும் என்று 1857 முதல் பாஸ்டர் நிறுவினார். 1866இல் திராட்சை மதுவைப் பற்றியும், 1876இல் பீரைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் இத்தொழிலை மாற்றின. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்டு அணுவிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கியதும் இவ்வழியின் தொடர்ச்சியே.

ஆனால் எவ்வளவு தூய ஈஸ்டானாலும் வெப்பத்தை வெல்ல முடியாது. நொதிப்பு தானே வெப்பத்தை உண்டாக்கும் செயல். தொட்டியின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சூடாயிருக்கும். நாற்பது பாகையை நெருங்கும்போது பெரும்பாலான ஈஸ்டுகள் மடிகின்றன. ஆல்கஹால் ஏறியிருந்தால் அதற்கும் முன்பே. பிரெஞ்சுக்காரர் அல்ஜீரியாவில் பெருந்தோட்டங்கள் போட்டபோது இதைத்தான் கண்டார்கள். அறுவடைக் காலத்து வெயிலில் தொட்டிகள் பாதியில் நின்றன. எஞ்சிய சர்க்கரையில் பாக்டீரியா புகுந்து கெடுத்தது. குளிர்நீர் ஓடும் குழாய்களைக் கொண்டு சாற்றை ஆற்றும் வழி பரவிய பிறகே அங்கு மதுத்தொழில் நிலைத்தது. கர்தினால் லவிஜெரி 1868இல் நிறுவிய வெள்ளைக் குருக்கள் சபையினரும் அல்ஜியர்சுக்கு அருகே மெய்சோன் காரேயில் திராட்சைத் தோட்டம் வைத்து இரசம் உண்டாக்கினார்கள். இந்தியாவில் ஆங்கிலேயரும் இதே காரணத்தால் பீர் ஆலைகளைக் கசௌலி, மரீ, நீலகிரி என்று மலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். மதுரைச் சமவெளியின் சித்திரை வெயிலை நினைத்தால் அவர்கள் ஏன் கீழே இறங்கவில்லை என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கொடைக்கானல் குளிரில் இட்லி மாவு பொங்காமல் அடுப்போரம் வைக்கும் நம் இல்லத்தரசியர்க்கு இதன் மறுபக்கமும் தெரியும்.

திராட்சை நம் பக்கத்தில் வேரூன்றியதைப் பற்றியும் ஒரு சொல். கம்பம் பள்ளத்தாக்கு 1990களின் நடுப்பகுதிவரை பழைய மதுரை மாவட்டத்தோடு சேர்ந்தது. பின்னர் தேனி மாவட்டமாயிற்று. அங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் அதைக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நமக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. பன்னீர்த் திராட்சை எனப்படுவது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனம். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஒட்டுச்சேர்க்கையால் உருவானது. 1832இல் வந்த கொடி வேறொன்றாகவும், இன்றைய இனம் பின்னர் வந்ததாகவும் இருக்கலாம். கொடியை நட்டவர் குரு என்ற நினைவு மட்டும் பொருத்தமற்றதன்று. பலிக்குத் திராட்சை வேண்டும் என்ற தேவை அவர்களைவிட வேறு யாருக்கு அவ்வளவு இருந்தது?

இனி உரோமைச் சட்டத்திற்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆயர்கள் பலர் ஒரே வகை ஐயத்தைத் திரு அலுவலகத்திற்கு அனுப்பினார்கள். இரசம் வலுவற்றிருக்கிறது, பயணத்தில் புளிக்கிறது. சர்க்கரை சேர்த்து வலுவேற்றலாமா? 1891இல் வந்த மறுமொழி, கரும்புச் சர்க்கரைக்கு மாறாகத் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சேர்ப்பதே நன்று என்றது. 1896இல், இனிப்பு மிகுந்த இரசங்களுக்கு, இயல்பாக உண்டானதும் சேர்த்ததும் கூடி நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேற்படாமல், நொதிப்பு நடக்கும் காலத்திலேயே சேர்க்க இசைவளித்தது. எதைச் சேர்த்தாலும் அது திராட்சையின் கனியாகவே இருக்க வேண்டும் என்பதே இவற்றின் ஊடுசரம். 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 924ஆம் சட்டத்தில் இதைச் சுருக்கி, இரசம் இயற்கையானதாகவும் திராட்சைக் கனியிலிருந்து வந்ததாகவும் கெடாததாகவும் இருக்கப் பணிக்கிறது.

இவ்விடத்தில் நம் இல்லங்களின் கிறிஸ்துமஸ் ஒயினை நினையாதிருக்க முடியவில்லை. அது ஆங்கிலோ இந்தியர் இல்லங்களிலும் மலையாளக் குடும்பங்களிலும் வழங்கிய வழக்கம். நம்மிடையேயும் பலர் கைக்கொண்டார்கள். உரிமமின்றி மது உண்டாக்குவது மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் பண்டிகை மகிழ்ச்சியில் பலரும் எண்ணுவதில்லை. அதை ஒருபுறம் வைத்துச் செய்முறையை மட்டும் பார்ப்போம். ஒரு கிலோ திராட்சை, ஒரு கிலோ சர்க்கரை, ஓரிரு லிட்டர் நீர், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. எல்லாம் பீங்கான் பரணியில். இருபத்தொரு நாள் கழித்துத் திறந்தால் பெரும்பாலும் பாகு போல் தித்திக்கும். பழத்தின் குற்றமுமில்லை, வைத்தவர் கைராசியுமில்லை. கனிந்த திராட்சைச் சாற்றில் இயல்பாக லிட்டருக்கு இருநூறு கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். பதினேழு கிராம் சர்க்கரைக்கு நூற்றில் ஒரு பங்கு ஆல்கஹால் என்ற கணக்கில் அது பதினொன்று, பன்னிரண்டு பங்கைத் தரும். நம் செய்முறையிலோ லிட்டருக்கு 350 முதல் 500 கிராம் வரை சர்க்கரை ஏறிவிடுகிறது. அத்தனை அடர்த்தியில் ஈஸ்டின் உடலிலிருந்தே நீர் உறிஞ்சப்படுகிறது. ஊறுகாயும் பழப்பாகும் கெடாமலிருப்பது எதனாலோ, அதே காரணத்தால் இந்த ஒயினும் நின்றுபோகிறது.

முன்னோர் கைப்பழக்கம் சில இதற்கு மாற்றாக இருந்தன. கோதுமை இடுவது சடங்கன்று; ஈஸ்டுக்கு வேண்டிய ஊட்டம் அதிலிருந்து ஓரளவு இறங்குகிறது. சாடியை மண்ணில் புதைப்பதும் ஈரச் சாக்கைச் சுற்றுவதும் வெப்பத்தைத் தணிக்க. முதல் சில நாள் மரக்கரண்டியால் கிண்டுவது பழத்தோலை நனைத்துக் காற்றை உள்ளே விடுவதற்கு. ஈஸ்ட் பெருகுவதற்குத் தொடக்கத்தில் காற்று வேண்டும். நின்றுபோனதை மீட்பதற்கும் ஒரு முறை உண்டு. வேறொரு சிறு கலத்தில் புதுச்சாற்றைப் பொங்கவிட்டு, அது வேகம் கொண்டிருக்கையில் நின்ற இரசத்தைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றிப் பழக்க வேண்டும். நின்ற இரசத்தின் மேல் ஈஸ்டைக் கொட்டுவதில் பயனில்லை. ஆல்கஹாலும் சர்க்கரையும் நிறைந்த இடத்தில் திடீரென வீழ்ந்த உயிர் பிழைப்பதரிது. நிற்றலையும் முடிதலையும் வேறுபடுத்திக் காண்பது இவற்றுக்கெல்லாம் முந்திய பாடம். பாலுக்கு லாக்டோமீட்டர் போல இதற்கும் மிதப்புக் கருவி உண்டு; அது இல்லாதவர்க்கு நாவே கருவி. குமிழி அடங்கி இனிப்பும் போயிருந்தால் வேலை முடிந்தது. குமிழி அடங்கி இனிப்பு மிகுந்திருந்தால் வேலை நின்றது. இவ்வாறு கரும்புச் சர்க்கரையால் ஆன இரசம் எவ்வளவு நன்றாயிருப்பினும் பீடத்திற்கு ஆகாது என்பதை 1891இன் மறுமொழியே காட்டிவிட்டது.

நொதிப்பைத் தடுப்பதில் நம் பனையேறிகளுக்கு நிகரானவர் உலகில் குறைவு. பாளையைச் சீவியதும் சொட்டும் இனிய நீர், வெறுங்கலயத்தில் விழுந்தால் சில மணி நேரத்தில் கள்ளாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் பதநீராகவே நிற்கும். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டுக்கு ஒவ்வாது. ஒரே மரம், ஒரே பாளை. ஒரு விரல் சுண்ணாம்பு இடையில் நின்று குழந்தைக்குக் கொடுக்கும் பானத்தையும் போதைப் பொருளையும் பிரித்துவைக்கிறது. 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோதும், 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியபோதும், பனைத் தொழிலாளியின் பிழைப்பு இந்தச் சுண்ணாம்பின் மேல் நின்றது. மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் இறுகி, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1987 தொடக்கம் முதல் தமிழகத்தில் கள் இறக்கத் தடை. அதன்பின் ஆப்பமாவுக்குக் கள் ஊற்றும் வழக்கமும் நம் அடுக்களைகளிலிருந்து மறைந்தது. திருப்பலி இரசத்திற்கெனத் தனி விதிகள் இந்நாட்டில் உண்டு. 1920இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கும் அவ்வாறே அதற்கு விலக்களித்திருந்தது.

அமெரிக்காவில் வேறொரு வழியும் தோன்றியிருந்தது. 1869இல் நியூஜெர்சியின் வைன்லாண்டில் வெல்ச் என்னும் மெதடிஸ்ட் மருத்துவர், பாஸ்டரின் வழியைப் பின்பற்றித் திராட்சைச் சாற்றைச் சூடேற்றிக் குப்பியிலடைத்து, நொதியாத இரசம் என்று தம் சபையின் திருவிருந்துக்கு அளித்தார். குடியை எதிர்த்த பிரிந்த சகோதரர் பலர் அதை ஏற்றுக்கொண்டனர். கத்தோலிக்கத் திருச்சபை அவ்வழியில் செல்லவில்லை. குடி தீயது என்பதற்காக இரசத்தை மாற்றுவது, ஆண்டவர் இறுதி இராவுணவில் எடுத்த பொருளை நம் வசதிக்குத் திருத்துவதாகும் என்ற உணர்வு அதற்கிருந்தது. கானாவூர் மணவீட்டை மறவாத திருச்சபை அது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. குடிநோய்க்கு ஆளாகி, பெருமுயற்சியால் மீண்ட ஒரு குரு, நாள்தோறும் காலையில் கிண்ணத்தை எடுக்க வேண்டுமே? குடிநோய் தெரிந்த குடும்பங்களுக்கு, ஒரு மிடறு என்ன செய்யும் என்பதை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பங்குகளில் எத்தனை அன்பியங்களில், எத்தனை தாய்மார் இதற்காகச் செபமாலை உருட்டுகிறார்கள்! குரு மட்டும் அந்த நோய்க்கு விலக்கானவர் என்று நாம் எண்ணிக்கொள்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதையன்று.

இங்குதான் பாதியில் நின்ற இரசம் மீண்டும் வருகிறது. முஸ்தும் என்னும் இலத்தீன் சொல்லால் வழங்கப்படுவது, புதிதாய்ப் பிழிந்த, அல்லது இயல்பு மாறாத வகையில் நொதிப்பு நிறுத்திவைக்கப்பட்ட திராட்சைச் சாறு. உறையவைப்பது அவ்வகைகளுள் ஒன்று. அதில் ஆல்கஹால் மிகச் சிறிதே இருக்கும். 1995 ஜூன் 19ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராயிருந்த கர்தினால் இராட்சிங்கர், ஆயர் பேரவைத் தலைவர்களுக்கு எழுதிய மடலில் முஸ்துமைக் குருக்கள் பயன்படுத்துவதற்கான நெறிகளை வகுத்தார். அதே மடல் குடிநோயாலோ, கோதுமைப் பசை ஒவ்வாத சீலியாக் நோயாலோ துன்புறும் இளைஞரைக் குருத்துவத்திற்கு ஏற்கலாகாது என்றும் கூறியது. 2003 ஜூலை 24ஆம் நாளின் அடுத்த மடல் அக்கடுமையைத் தளர்த்தியது. ஏற்கலாகாது என்றிருந்தது, மிகுந்த எச்சரிக்கையோடு ஆராய வேண்டும் என்றாயிற்று. முஸ்துமுக்கு இசைவளிக்கும் உரிமையைத் தலத்திருச்சபையின் ஆயருக்கே அம்மடல் அளித்தது. குருக்களோடு பொதுநிலையினரும் இசைவு பெறலாம் என்றது. எட்டே ஆண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றம் நம் கவனத்தைவிட்டு நழுவியது வருந்தத்தக்கது. 2017 ஜூன் 15ஆம் நாள் திருவழிபாட்டுப் பேராயத்தின் தலைவர் கர்தினால் சாரா ஆயர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இவ்விதிகளை மீண்டும் நினைவூட்டி, அப்பமும் இரசமும் தகுதியுடையனவா என்று கண்காணிப்பது ஆயரின் கடமை என்றது. இணைய வணிகத்திலும் அங்காடிகளிலும் கிடைப்பதையெல்லாம் வாங்கிவிடும் காலத்தில் அந்த எச்சரிக்கைக்குத் தேவையிருந்தது.

இனிமையே இரசத்தின் இயல்புக்குச் சான்று என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமாஸ் எழுதியதன் தொலைப்பயன் இது. நொதிப்பு முடியாத சாற்றை அவர் வெளியே தள்ளியிருந்தால், இன்று அந்தக் குருவுக்குப் பீடம் மூடப்பட்டிருக்கும். மதுச்சாடியில் பெருங்குறையாகக் கருதப்படும் ஒரு நிலை, நோயுற்ற ஒருவருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

நடைமுறையில் நம் பங்குகள் அறிய வேண்டியது இரண்டொன்றே. சர்க்கரையும் பதப்படுத்தும் இரசாயனமும் சேர்த்து அட்டைப் பெட்டியில் விற்கும் திராட்சைப் பானம் முஸ்தும் ஆகாது. இசைவு தேவைப்படுபவர் ஆயரிடம் கேட்கலாம். கேட்பது வெட்கத்திற்குரியதன்று, கேட்டவரைப் பற்றிப் பேசித் திரிவதே வெட்கத்திற்குரியது. உறையவைத்த சாற்றைச் சிறு சிறு குப்பிகளில் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும், அன்றன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் வெளியே எடுப்பதும் நன்று. குளிர் நொதிப்பை நிறுத்திவைக்கிறதேயன்றி ஈஸ்டைக் கொல்வதில்லை. திருப்பொருள் அறையில் மறந்து வைத்த குப்பி, பங்குனி சித்திரை வெயிலில் ஓரிரு நாளுக்குள் மீண்டும் பொங்கத் தொடங்கிவிடும்.